எந்தக் கடலுக்குப் போகலாம்

பிப்ரவரி 6

என் அன்பான கூட்ஸ் வண்டிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நானே எழுதிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். அடக்கி வைக்க முடியவில்லை.

இவருக்கு அடுத்த மாதத்தோடு பள்ளிக்கூடம் முடிகிறது. ஆயுள் முழுக்க விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்ட டிரில் மாஸ்டர், இனி வீட்டில் என்னை ஓடவிடப் போகிறார். அதற்குள் எங்காவது போய் வந்துவிட வேண்டும். கப்பலில் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சிரிக்காதே! சாய்வு நாற்காலியில் படுத்து நாள் முழுக்கத் தின்கிற கப்பல் இல்லை இது. சின்னக் கப்பல். நம்மைப் போல் கால் சும்மா இருக்காத, மரம் செடி என்றால் பைத்தியமாகிற ஜோடிகளுக்கென்றே விடுகிறார்கள். தினம் ஒரு கரையில் இறக்கிவிடுவார்களாம். நடக்கலாம், ஏறலாம், துடுப்புப் போடலாம். சாயங்காலம் திரும்பினால் சாப்பாடு தயார். சமைக்காமல் மலையேறுவது என்பது நம் பரம்பரையிலேயே யாருக்கும் வாய்க்காதது.

மூன்று இடம் வைத்திருக்கிறேன். முதலாவது பனிக்கடல். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கடல் நுழைந்திருக்கும், உச்சியில் ஓர் ஏரி, ஏணி வைத்து ஏற வேண்டும். அடுத்தது எரிமலைத் தீவுகள். கறுப்பு மணல், அடியில் சூடு, மேலே புகை. இன்னொன்று காட்டுக்கரை. அலை இல்லாத உள்கடல், கரை வரைக்கும் மரம், படகுக்குப் பக்கத்திலேயே திமிங்கிலம் மூச்சு விடுமாம்.

இவருக்குப் பனிக்கடல். எனக்கு மூன்றும். நீயும் உன் வீட்டுக்காரர் சர்வேயர் அண்ணாவும் வருகிறீர்கள். கேட்கவில்லை, சொல்கிறேன். நாலு பேருமாக இத்தனை மலை ஏறினோம், கடல் ஒன்றுதான் பாக்கி. எது என்று மட்டும் நீ சொல்.

போனில் சொன்னால் நீ 'உம்' போடுவாய், அண்ணா பின்னாலிருந்து பதில் சொல்வார். அதனால்தான் பழையபடி கடிதம்.

எப்போதும் முன்னால் ஓடுகிற,
உன் எக்ஸ்பிரஸ்


பிப்ரவரி 15

அன்புள்ள எக்ஸ்பிரஸுக்கு,

உன் கடிதத்தை இவர்தான் முதலில் பிரித்தார். படித்துவிட்டு அட்லஸைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தை அப்படிப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நவம்பரில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார் டாக்டர். லேசானது என்றால் என்ன என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இடது கால் இழுக்கிறது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. யாருக்கும் சொல்லாதே என்றார், உனக்கும்கூட. காடு மேடு எல்லாம் நடந்தே அளந்த மனுஷன் இல்லையா, கூச்சம்.

இப்போது பரவாயில்லை. கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை போகிறார். நடுவில் ஒரு இடத்தில் நிற்பார். உன் கடிதம் வந்த அன்று நிற்காமல் போய்விட்டு வந்தார்.

அவருக்குக் காட்டுக்கரைதான் வேண்டுமாம். "நான் படகுல உக்காந்துக்கறேன், திமிங்கிலம் வந்து என்னைப் பாக்கட்டும்" என்கிறார். நீ தினமும் நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கிறவள். உனக்குத் தெரியாததா? எங்களால் வர முடியுமா, நாங்கள் வந்தால் உங்கள் நடை கெடுமா? கெடும் என்றால் கெடும் என்று எழுது. நான் வருத்தப்பட மாட்டேன், இவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். இனி என் ஆபீஸ் முகவரிக்கு எழுது. விதைப் பரிசோதனைக் கூடத்தில் என் மேஜையை யாரும் தொட மாட்டார்கள். ஈரத்தாளில் முளைக்க வைத்திருப்பது கலைந்துவிடும் என்று பயம்.

கடைசியில் வந்தாலும் வந்து சேர்கிற,
கூட்ஸ்


பிப்ரவரி 24

என் அருமைக் கூட்ஸுக்கு,

படித்ததும் அழுதுவிட்டேன். நவம்பரிலிருந்து ஒருத்தியாக நீ சுமந்திருக்கிறாய், நான் இங்கே கால் வீங்கினவர்களுக்கு எல்லாம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னை வந்து நாலு சாத்து சாத்த வேண்டும்.

அண்ணா நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சியைக் கையூன்றாமல் செய்யட்டும். குதிகாலைத் தரையில் பதிக்கப் பழகட்டும். படி இறங்கும்போது கெட்ட கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில்.

கப்பல் விஷயம். இவர் பனிக்கடல் என்று பிடித்த பிடியில் நிற்கிறார், ஓய்வு பெறுகிறவர் ஆசை. காட்டுக்கரையில் இந்தப் பருவத்தில் மழை கொட்டுமாம். பனிக்கடலில் ஏணி, கயிறு, ஈரப்பாறை எல்லாம் உண்டு. அண்ணாவை அதில் கொண்டுபோய் நிறுத்த எனக்கே மனசு வரவில்லை. அவர் முதலில் தேறட்டும். காட்டுக்கரை எங்கே போய்விடும்? அடுத்த வருஷம் நாலு பேரும் போவோம்.

முத்தங்களுடன்,
எக்ஸ்பிரஸ்


மார்ச் 5

அன்புள்ள எக்ஸ்பிரஸுக்கு,

நீ எழுதிய பயிற்சிகளைச் செய்கிறார். நாற்காலியிலிருந்து எழுந்ததும் கை தட்டச் சொல்கிறார், தட்டாவிட்டால் கோபம் வருகிறது. குழந்தை மாதிரி.

பனிக்கடல் என்றால் பனிக்கடலே என்று சொல்லிவிட்டார். "ஏறுறவங்க ஏறட்டும். நான் கீழ உக்காந்து பனிக்கட்டி உடையறதைப் பாக்கறேன். மேல போறவங்களுக்கு அது தெரியாது" என்கிறார். கயிறு கட்டாமல் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஷூ வாங்கி வந்தோம். அதை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறார்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். முடியாது என்றால் முடியாது என்று சொல்லடி. இல்லையென்றால் எங்களுக்கும் சேர்த்து இடம் போடு.

உன்,
கூட்ஸ்


மார்ச் 12

அன்புள்ள கூட்ஸ்,

அவசரமாக எழுதுகிறேன், வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று இடம் போடப் போனேன். எங்களுக்குக் கிடைத்ததே கடைசி அறை. அதன் பிறகு ஒன்றுகூட இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். சின்னக் கப்பல், அதனால் சீக்கிரம் நிறைந்துவிடுகிறதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாவிடம் பக்குவமாகச் சொல்லு. அடுத்த வருஷம் காட்டுக்கரை, இது சத்தியம்.

எக்ஸ்பிரஸ்


மார்ச் 27

எக்ஸ்பிரஸுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. யாராவது கடைசி நேரத்தில் போகாமல் விட்டால் நமக்குத் தரட்டுமே என்று, மதியச் சாப்பாட்டு வேளையில் கப்பல்காரர்களுக்குப் போன் போட்டேன்.

ஒரு பெண் பேசினாள். நல்ல பெண். "இன்னும் அறை இருக்கு மேடம், எத்தனை பேர்?" என்றாள். நான் தேதியைத் திரும்பச் சொன்னேன். அதே கப்பல்தானா என்று கேட்டேன். "அதேதான் மேடம். ஏற முடியாதவங்களுக்குன்னு தனியா சின்னப் படகு விடுறோம். நிறைய பேர் அதுக்காகவே வர்றாங்க" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு விதைகளை எண்ண உட்கார்ந்தேன். முளைத்ததையும் முளைக்காததையும் பிரிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை.

இவரிடம், என் முட்டி ரொம்ப வலிக்கிறது, அந்தக் குளிருக்கு என்னால் வர முடியாது, எனக்காக விட்டுக்கொடுங்கள் என்று சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் உன் பேர் அதில் வரும். அவர் உன்னை உடன்பிறந்தவளாக நினைக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. "சரி, உன் முட்டிதான் முக்கியம்" என்றார். ஷூவைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

முடியாது என்று நீ எழுதியிருக்கலாம். எழுதச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன்.

கூட்ஸ்


ஏப்ரல் 3

என் கூட்ஸுக்கு,

உன்னை அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு சாக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சாக்குகளையும் சொல்லிவிடுகிறேன், அவை எவ்வளவு அற்பம் என்று நீயே பார். வாரம் முழுக்க இழுக்கிற கால்களோடு இருக்கிறேன். 'இன்னும் ஒரு தடவை', 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்கிறது. கப்பலிலாவது யாருடைய காலையும் பார்க்காமல் நடக்க வேண்டும் என்று நினைத்தேன். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அண்ணாவால் வர முடியும் என்று உன் கடிதத்தைப் படித்த உடனேயே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எழுதவில்லை.

இவருக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. நீங்களே வேண்டாம் என்றதாக இவரிடம் சொல்லியிருந்தேன். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இவ்வளவு நாள் இதை மனசுல வச்சுக்கிட்டா என்கூடச் சிரிச்சுப் பேசிட்டிருந்தே?" என்றார். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுத்த அறையில் சாப்பிட்டார்.

கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. க்ளினிக்கில் ஒரு பெரியவர் நாலு அடி நடந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் திரும்பிக்கொண்டேன். காட்டுக்கரைக்கே மாற்றிவிடுகிறேன், நாலு பேரும் போவோம். இல்லை, நான் வந்து அண்ணா காலில் விழுந்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எது வேண்டுமானாலும் செய்கிறேன்.

வெட்கத்துடன்,
எக்ஸ்பிரஸ்


ஏப்ரல் 11

எக்ஸ்பிரஸுக்கு,

மாற்ற வேண்டாம். இரக்கப்பட்டுக் கொடுக்கிற கப்பலில் அவர் ஏற மாட்டார், நானும் ஏற மாட்டேன். நீங்கள் போய் வாருங்கள்.

அவரிடம் சொல்லவும் கூடாது. சொன்னால் உன் பாரம் இறங்கும். ஆனால் அவர் தலையில் ஏறும். கூட நடந்தவளுக்கே நான் வேண்டாதவனாகிவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டு படுக்க வேண்டாம். இந்த ஒரு வாக்கை மட்டும் கொடு. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கூட்ஸ்


ஜூன் 9, கப்பலிலிருந்து

அன்புள்ள கூட்ஸுக்கு,

போன கடிதத்தில் வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றுவேன். நீ பதில் எழுதாவிட்டாலும் எழுதிக்கொண்டிருப்பேன்.

இவர் வர மாட்டேன் என்றுதான் அடம் பிடித்தார். போகாமல் இருந்தால் அண்ணா ஏன் என்று கேட்பார், என்ன சொல்வது என்றேன். அதற்காக வந்தார். என்னோடு வந்தார் என்று சொல்ல முடியாது, அதே கப்பலில் வந்தார்.

மேலே இருக்கிற ஏரிக்கு இவர் மட்டும் போனார். நான் ஏறவில்லை, சின்னப் படகில் உட்கார்ந்தேன். ஒரு தச்சரும் அவர் மனைவியும் கூட வந்தார்கள். அவருக்கு இரண்டு இடுப்பும் மாற்றியிருக்கிறது. படகுக்காரப் பெண் கை கொடுத்தாள், அவர் ஒரு எட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒரு எட்டு, அவ்வளவுதான். பனிச்சுவரின் அருகே எஞ்சினை நிறுத்தினாள். உள்ளே எங்கேயோ விரிசல் விடுகிற சத்தம், பிறகு ஒரு வீடு அளவுக்குப் பனி சரிந்து கடலில் விழுந்தது. தச்சர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு 'ஆ' என்றார். படகு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

எதுவுமே கஷ்டமாக இல்லையடி. அண்ணா வந்திருந்தால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேலே போய் வந்த இவர், "ஏரி அழகா இருந்துச்சு. கூட நின்னு பாக்க யாரும் இல்லை" என்றார்.

திரும்பியதும் உன் வீட்டுக்கு வரலாமா? வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னாலும் சரி.

எக்ஸ்பிரஸ்


ஜூலை 1

எக்ஸ்பிரஸுக்கு,

வா. உனக்காக இல்லை, இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "அவங்க வந்துட்டாங்களா, போட்டோ எடுத்தாங்களா" என்று தினமும் கேள்வி. மாஸ்டர் அண்ணனையும் கூட்டி வா. வீட்டுக்குள் நடக்கும்போது நான் நொண்டுவேன், சிரித்துவிடாதே. வாக்கு நினைவிருக்கட்டும்.

கூட்ஸ்


ஜூலை 16

என் கூட்ஸுக்கு,

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எழுதுகிறேன், பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அண்ணா உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். நான் உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். எப்படி என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ செடிகளைக் காட்டுவதற்கு இவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாய். கூடத்தில் நானும் அண்ணாவும். கப்பல் கதையை ஒன்று விடாமல் கேட்டார். பனி விழுந்த சத்தத்தை நான் வாயால் செய்து காட்டினேன், குழந்தை மாதிரி ரசித்தார். பிறகு மாடிப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவ முட்டிக்கு ஒண்ணும் இல்லம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் பாக்கறப்போ நொண்டுவா. பாக்கலேன்னா ரெண்டு ரெண்டு படியா ஏறுவா. காலை வச்சே பொழச்சவன் நான், எனக்குத் தெரியாதா?" ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னார். "என்னைக் கூட்டிட்டு வர அவளுக்கு வெட்கம். நாலு பேர் முன்னால நான் காலை இழுத்துக்கிட்டு நடந்தா அவளுக்கு எப்படி இருக்கும், சொல்லு. தப்புன்னு சொல்லலம்மா. என்னைப் பாத்தா எனக்கே அப்படித்தான் இருக்கு. நீ அவளைக் கேட்டுடாதே, பாவம்."

வாயைத் திறந்தால் வாக்குப் போகும், மூடினால் நீ போய்விடுவாய். என் குற்றத்தை நீ எடுத்து உடுத்திக்கொண்டு அவர் முன்னால் நொண்டிக்கொண்டிருக்கிறாய், அவர் அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் உன் பக்கத்தில் படுத்திருக்கிறார். என்னால் ஆகவில்லை.

"அவ இல்லண்ணா, நான்தான். இடம் இல்லேன்னு பொய் சொன்னது நான். உங்களைக் கூட்டிட்டுப் போக மனசில்லாதது எனக்கு. என்னைக் காப்பாத்தத்தான் அவ முட்டி வலின்னா" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. திரும்ப ஒரு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது. இரண்டாம் முறை ஒவ்வொரு சொல்லாக நானே எடுத்து வைத்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். இல்லை, பரவாயில்லம்மா என்பார் என்று உள்ளுக்குள் ஏங்கினேனோ என்னவோ, அதை எழுதக் கை கூசுகிறது. அவர் இரண்டும் செய்யவில்லை. "அப்போ அவளுக்கு என்னால வெட்கம் இல்லையா?" என்றார். "இல்லண்ணா" என்றேன். "நிச்சயமா?" என்றார். "நிச்சயமாண்ணா." அவர் கண் நிறைந்து வழிந்தது. நான் செய்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லையடி. எனக்கு அங்கே இடமே இல்லை. அவ்வளவு சின்னவளாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

அப்போது நீ நொண்டிக்கொண்டே இறங்கி வந்தாய். "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். "கொஞ்சம் வலிக்குது" என்றாய். அவர் சிரித்த சிரிப்புக்கு இதுதான் காரணம். நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எதிர்கொள்ள முடியாமல்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

வழியில் இவர் என்னோடு பேசினார். ஏப்ரலுக்குப் பிறகு அவராக என்னை ஒன்று கேட்டது இதுதான் முதல் முறை. "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன். ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுத்தார்.

நீ என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன். எழுதாவிட்டாலும்.

எக்ஸ்பிரஸ்


ஆகஸ்ட் 20

அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் போன உடனேயே சொல்லிவிட்டார். வாக்கை மீறினாய். மீறியது நல்லதாயிற்று. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பொய்யும் சின்னப் பொய் இல்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன், அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நான் அவரைப் பார்த்து வெட்கப்படுவதாக அவரை நம்பவைத்திருக்கிறேன். அதை மனசில் போட்டுக்கொண்டு தினமும் என்னிடம் "சாப்பிட்டியா" என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் தெருமுனை தாண்டியும் போனோம், அவர் நடக்க, நான் நொண்டாமல் நடக்க. பக்கத்து வீட்டு டெய்லர் அம்மா, "முட்டி சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். இவர், "என் வைத்தியம்" என்றார்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். இருக்கிறது. இவருக்கு இல்லை, உன்னை விசாரிக்கிறார். எனக்கும் ஒருநாள் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை நான் அவசரப்படுத்தப் போவதில்லை. நீயும் அவசரப்படுத்தாதே. மாஸ்டர் அண்ணனுக்கு என் வணக்கம்.

நாங்கள் இரண்டு பேரும் கப்பலில் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். கடைசியில் இரண்டு பேருக்கும் பிடித்த ஒரு கடலைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

எது என்று கேட்காதே. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி